ஈச்சமேட்டை வென்ற தளபதி

காட்டெருமைகளின் நாடும் காட்டுப்பன்றிகளின் நாடும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஈச்சமேடு என்றொரு புல்வெளி. "அது எங்களுடையது!" என்று இரண்டு பக்கமும் உறுமிக்கொண்டே இருந்தன.

காட்டெருமைப் படைக்குத் தளபதி வன்கொம்பன். நல்லவன்தான், ஆனால் வீராப்பு அதிகம். ஒருநாள் அவன் ஈச்சமேட்டைப் பார்த்துவரப் போனான். அங்கே புல்லுக்குள், தரையிலேயே கூடு வைத்துக் காடைகள் அடைகாத்துக்கொண்டிருந்தன.

"பயப்படாதீர்கள்! பன்றிகளிடமிருந்து உங்களைக் காப்பாற்றப் படையோடு வரப்போகிறோம்!" என்றான் வன்கொம்பன்.

செம்புள்ளி என்ற காடை கூட்டைவிட்டு எழாமலே கேட்டாள்: "நீங்கள் தின்பது புல். பன்றிகள் தோண்டித் தின்பது கிழங்கு. இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது, தளபதியாரே?"

"நாட்டு விவகாரம் உனக்குப் புரியாது!"

"குஞ்சு பொரிக்கும்வரையாவது பொறுங்களேன்!"

"அதற்குள் பன்றிகள் முந்திக்கொண்டால்?" என்று சிரித்துவிட்டு அவன் போய்விட்டான்.

மறுநாள் விடிந்ததுமே போர் மூண்டது. கொம்பும் கோரைப்பல்லும் மோதின. மேடு முழுக்கப் புழுதி. வெயில் சாய்வதற்குள் பன்றிகள் தோற்று ஓடின.

"வென்றுவிட்டோம்! காடைகளே, வெளியே வாருங்கள்! இனி நீங்கள் எங்கள் குடிகள்!" என்று கூவினான் வன்கொம்பன்.

ஒரு குரலும் வரவில்லை. தேடிக்கொண்டு போனான். செம்புள்ளி உடைந்த ஓடுகளை அலகால் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'பாவிப் பன்றிகள்!' என்று சொல்ல வாயெடுத்தான். அப்போது முன்னங்காலில் ஏதோ பிசுபிசுத்தது. குனிந்து பார்த்தான். குளம்பில் மஞ்சள் கருவும், புள்ளி போட்ட ஓடும் ஒட்டியிருந்தன.

சட்டென்று காலைப் புல்லுக்குள் மறைக்கப் பார்த்தான். மறைக்கப் புல்லே மிஞ்சியிருக்கவில்லை.

"ஏனப்பா நிற்கிறாய்? உச்சியில் ஏறி வெற்றி முழக்கம் செய்!" என்று படையோடு வந்திருந்த காட்டெருமை அரசர் அழைத்தார்.

"அரசே, நாம் காப்பாற்ற வந்தவர்களையே மிதித்துவிட்டோம்!"

"முட்டைதானே! மறுபடி இட்டுக்கொள்ளும்! மேடு நமக்குக் கிடைத்ததே!"

படை முழுவதும் சிரித்தது. நேற்று அவன் சிரித்த அதே சிரிப்பு. வன்கொம்பன் கொம்பு மண்ணில் படும்படி காடையின் முன் தலையைத் தாழ்த்தினான்.

"என்னை மன்னித்துவிடு, தாயே!"

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். பின்னங்காலை அசைக்காதீர்கள். பக்கத்தில் ஒன்று மிச்சமிருக்கிறது" என்றாள் செம்புள்ளி.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் போய் அந்த ஒற்றை முட்டைமேல் உட்கார்ந்த பிறகுதான் காலை எடுத்தான். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் மேட்டைவிட்டு இறங்கினான். அதன்பிறகு யாராவது "தளபதியாரே!" என்று அழைத்தால், அவன் திரும்பிப் பார்ப்பதில்லை.

மண்ணுக்காகச் சண்டை போடுகிறவர்கள் அந்த மண்ணில் வாழ்கிறவர்களை மறந்தால், வெற்றியும் வெட்கக்கேடுதான்.