மருதியின் கடைவாய்ப் பல்

வாகை நீட்டிய துதிக்கையை மருதி வாயில் வாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

யானைகளுக்குள் இது சின்ன விஷயம் இல்லை. பிரியும்போதும் கூடும்போதும் ஒருத்தியின் துதிக்கை நுனியை இன்னொருத்தி வாய்க்குள் வாங்கிக்கொள்வாள். நலமா என்று கேட்பதும், நான் இருக்கிறேன் என்று சொல்வதும் அதுதான். அதை மறுத்தால், உன் உறவு எனக்கு வேண்டாம் என்று நேருக்கு நேர் சொன்னதாக ஆகும்.

வாகை மருதியின் கூடப்பிறந்த அக்கா. கூட்டத்துக்கும் அவள்தான் தலைவி. நீட்டிய துதிக்கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"என்மேல் என்ன கோபம்?" என்று கேட்டாள்.

"ஒன்றுமில்லை. கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு நீ போ அக்கா. நான் வரவில்லை."

உண்மையில் மருதிக்குக் கடைவாய்ப் பல் கொதித்துக்கொண்டிருந்தது. மூச்சுக்காற்று பட்டாலே உச்சி மண்டை வரை சுண்டி இழுத்தது. இதோடு மலை ஏற முடியாது. சொல்லியிருக்கலாம். ஆனால் கோடை வந்துவிட்டது. குளத்தில் சேறுதான் மிச்சம். மலைக்கு அந்தப் பக்கத்து ஆற்றுக்குக் கூட்டம் உடனே போயாக வேண்டும். வலி என்று சொன்னால் அக்கா தன்னை விட்டுவிட்டுப் போகமாட்டாள், கன்றுகள் சேற்றை நக்கிக்கொண்டு நிற்கும், தன் ஒருத்திக்குச் சேற்றைத் தோண்டினால் ஊறும் தண்ணீர் போதும் என்று மருதி கணக்குப் போட்டாள். போட்டதை யாரிடமும் சொல்லவில்லை.

கூட்டம் போனது. வாகை திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் போன தடத்தின் மேல் புழுதி வெகுநேரம் அடங்காமல் நின்றது.

யானைகள் காதால் மட்டும் கேட்பதில்லை, உள்ளங்காலாலும் கேட்கும். குளக்கரையில் ஓர் அகன்ற பாறை இருந்தது. வெயில் சாயும் நேரத்தில் மருதி அதன்மேல் போய் நிற்பாள். மலைக்கு அப்பாலிருந்து வாகையின் குரல் மண்ணுக்குள்ளேயே நடந்து வந்து அவள் பாதத்தில் ஏறும். என்ன சொல்கிறாள் என்று பிடிபடாது. யாருடைய குரல் என்பதில் மட்டும் சந்தேகமே வராது. சில நாள் கன்றுகளை அதட்டும் தாளம் இருக்கும். சில நாள் வெறும் பெருமூச்சாக இருக்கும். ஒரு நாளும் அது மருதியைக் கூப்பிடவில்லை. குரல் நின்ற பிறகும் அவள் பாறையை விட்டு இறங்கமாட்டாள்.

காட்டில் ஒருவருக்குப் பல்வலி என்றால் மற்ற எல்லாரும் வைத்தியர்கள். காட்டுப்பன்றி வந்து, கிழங்கு தோண்டுவதுபோல் ஒரே நெம்பில் எடுத்துவிடுகிறேன் என்றது. பல் போனால் மூங்கிலை எதனால் அரைப்பது என்று மருதி கேட்டதற்கு, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றது. மந்தி அதைத் துரத்திவிட்டு எருக்கம்பால் கொண்டுவந்தாள். சொட்டுச் சொட்டாகப் பல்லின் மேல் விட்டாள். முதலில் மருதி அலறிய அலறலில் மந்தியே மரத்தில் ஏறிக்கொண்டாள். மறுநாளும் விட்டாள். அதற்கடுத்த நாள் விடியும்போது வலி இல்லை.

மருதி நாக்கால் தடவிப் பார்த்தாள். கல்லைக் கடித்துப் பார்த்தாள். துளி வலிகூட இல்லை.

"போய் உன் அக்காவைப் பார்" என்றாள் மந்தி. அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

புறப்படும் அவசரத்தில் மருதி ஒரு பட்டமரத்தில் முதுகைத் தேய்த்தாள். மேலே வேலையாக இருந்த மரங்கொத்திக்கு ஆட்டம் தாங்கவில்லை. இறங்கி வந்து விசாரித்தது. விஷயம் தெரிந்ததும், வாயைத் திற, ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறேன் என்றது. தட்டியது. தலையைச் சாய்த்துக் கேட்டது. பக்கத்துப் பல்லையும் தட்டியது.

"அம்மணி, இது உள்ளே செத்துவிட்டது."

"வலிக்கவே இல்லை என்கிறேன்."

"வலிக்க உள்ளே உயிர் இருந்தால்தானே? எருக்கம்பால் அதைத்தான் கொன்றது. அழுகல் அங்கேயேதான் இருக்கிறது. இனி அது வேரோடு கீழே இறங்கும்."

மரத்தில் புழு தேடுகிறவனுக்கு எதைப் பார்த்தாலும் புழுதான் என்று சொல்லிவிட்டு மருதி நடந்தாள்.

மலையேறும்போது நடை லேசாக இருந்தது. அக்காவிடம் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். பாதி ஏற்றத்தில் தாடை கனத்தது. கணவாயை எட்டியபோது கன்னம் பலாக்காய் அளவு வீங்கி, ஒரு கண் மூடிக்கொண்டது. உடம்பு அனலாய்க் காய்ந்தது.

கீழே ஆறு. ஆற்றில் கறுத்த முதுகுகள். கன்றுகள் தண்ணீரை வாரி ஒன்றின்மேல் ஒன்று அடித்துக்கொண்டன. நடுவில் வாகை நின்றாள். காற்று அவள் வாசனையை அப்படியே மேலே கொண்டுவந்தது. இறங்கிவிட்டால் கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் போய் நிற்கலாம்.

போய் நின்றால் வாகை துதிக்கையை நீட்டுவாள். இந்த வாயில் அதை வாங்க முடியாது. இரண்டாவது முறையும் முகத்தைத் திருப்பினால் அதன்பிறகு ஒட்டவே ஒட்டாது. மருதி அந்த வாசனையை ஒருமுறை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பினாள்.

மரங்கொத்தி, நான்தான் அப்போதே சொன்னேனே என்று சொல்லிக்காட்டவில்லை. கடுக்காய் ஊறிய தண்ணீரில் வாயைக் கொப்பளிக்கச் சொன்னது. பிறகு பல்லின் மேல் உட்கார்ந்து குடையத் தொடங்கியது. மரங்கொத்தியின் நாக்கு நீளம் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அதைத் துளைக்குள் விட்டு, ஒவ்வொரு வேரின் அடிவரை போய், அழுகலை நூல் நூலாக இழுத்து வெளியே போட்டது. நாற்றம் தாங்காமல் மந்தி இடத்தைக் காலி செய்தாள்.

வேலைக்கு நடுவே பேச்சு கூடாது என்பது மரங்கொத்தியின் சட்டம். அது மற்றவர்களுக்கு மட்டும்தான் போலும்.

"வாய் வீங்கியிருக்கிறது என்று அங்கேயே அக்காவிடம் சொல்லியிருக்கலாமே? அதைச் சொல்வதில் என்ன கஷ்டம்?"

மருதியின் வாய் திறந்தே இருந்தது. பதில் சொல்ல வழியில்லை.

அன்றைக்குத் துளையைத் தேன்மெழுகால் அடைத்து அனுப்பியது. வீக்கம் வடிந்த பிறகு மறுபடி வரச்சொல்லி, வேர்களை இன்னொரு முறை துழாவிப் பார்த்து, வேங்கைமரப் பிசினை அடிவரை இறக்கிக் கெட்டித்தது. எறும்புதின்னி அழுங்கு உதிர்த்த செதில் ஒன்றைப் பல்லின்மேல் தொப்பிபோல் கவிழ்த்து ஒட்டியது. இனி இது காய்ந்த கட்டை, நிற்கும், ஆனால் முற்றிய மூங்கிலை இதன்மேல் போடாதே என்று சொல்லிவிட்டுப் பட்டமரத்துக்குப் போய்விட்டது.

அன்று மாலை மருதி பாறைமேல் ஏறினாள். இத்தனை நாள் கேட்க மட்டும் நின்ற இடம். அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்து மண்ணுக்குள் அனுப்பினாள். பல் கெட்டிருந்தது என்றாள். அதனால்தான் முகத்தைத் திருப்பினேன், கோபத்தால் இல்லை என்றாள். கணவாய் வரை வந்து உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பியதையும் சொன்னாள்.

இருட்டும் வரை நின்றாள். உள்ளங்காலில் தன் நாடித்துடிப்பைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

விடிந்து பார்த்தால் குளக்கரையில் வாகை நிற்கிறாள். கால்களெல்லாம் மலைச்செம்மண். நடந்துகொண்டே இருந்தவளுக்குப் பதில் குரல் கொடுக்க ஏது நேரம்?

"பல்வலியை என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா?"

"சொன்னால் நீ போயிருக்க மாட்டாய் அக்கா. கன்றுகள் தண்ணீர் இல்லாமல் செத்திருக்கும்."

"போயிருக்கத்தான் மாட்டேன். கூட்டத்தில் சித்தி இருக்கிறாளே, கன்றுகளை அவளோடு அனுப்பியிருப்பேன். அவளுக்குத் தெரியாத வழியா?"

இது மருதிக்குத் தோன்றவே இல்லை. தனியாகப் போட்ட கணக்கில் சித்திக்கு இடமே இருக்கவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வாகை துதிக்கையை நீட்டினாள். பாதியில் நிறுத்தினாள். மருதி வாயைத் திறந்தாள். துதிக்கை நுனி உள்ளே வந்து, நாக்கைத் தொட்டு, ஒவ்வொரு பல்லாகத் தடவி, செதிலின் மேல் நின்றது.

"இது என்ன, ஓடு வேய்ந்திருக்கிறாய்?"

"அழுங்குச் செதில்."

"மழைக்கு ஒழுகாதே?"

இருவரும் மலைப்பாதையில் ஏறினார்கள். சித்தி கன்றுகளுக்குக் கொடுக்கும் செல்லத்தைப் பற்றி வாகை வழிநெடுகக் குறைபட்டுக்கொண்டே வந்தாள். கணவாய்க்குக் கீழே ஒரு மூங்கில் புதர் இருந்தது. பேச்சை நிறுத்தாமலே வாகை ஒரு கழியை ஒடித்தாள். முற்றிய பட்டையைக் காலால் மிதித்து உரித்தாள். உள்ளிருந்த இளங்குருத்தை மருதியின் பக்கம் தள்ளிவிட்டு, பட்டையைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

வலி அடங்கிவிட்டது என்பதற்காக நோய் போய்விட்டதாக நினைக்கக் கூடாது. அதை நம்மவர்களிடம் மறைத்தால் பல்லோடு உறவும் கெடும்.