ஏரிக்கரைத் தளபதிகள்

கடம்பவனூரை ஆண்ட செண்பகவழுதி மகாராஜாவுக்குப் படித்தவர்கள் என்றால் உயிர். அவர்கள் பேசினால் மட்டும் தூக்கம் வந்துவிடும். ஊர் நடுவே பெரிய கலாசாலை ஒன்று கட்டி, பண்டிதர்களுக்கு வேளா வேளைக்குச் சோறு போட்டு, "ஆராய்ச்சி செய்யுங்கள்" என்று விட்டிருந்தார். அவர்களும் செய்தார்கள். செய்ததைச் சபையில் வந்து விளக்கவும் செய்தார்கள். வம்பு அங்கேதான்.

சேந்தனார் என்ற பண்டிதர் நண்டுகளை ஆராய்ந்தவர். "ஆதியில் நண்டு இல்லை" என்று ஆரம்பித்தார். அவர் பேச்சில் நண்டு வந்து சேர்வதற்குள் ராஜா குறட்டை விட்டார். சாமரம் வீசியவன் சாமரத்தோடு சரிந்தான்.

கலாசாலைத் தலைவருக்கு அவமானமாகப் போய்விட்டது. சமைக்க வெளியாள், துவைக்க வெளியாள், விளக்க மட்டும் நாமே எதற்கு? அந்த வேலையைச் சொல்மாரியாருக்குக் குத்தகைக்கு விட்டார். சொல்மாரியார் லேசுப்பட்டவர் அல்ல. சொட்டைத் தலை மாப்பிள்ளையைப் பூரண சந்திரன் என்று சொல்லிப் பெண் வீட்டாரைத் தலையாட்ட வைத்தவர். குத்தகையில் ஒரே ஒரு நிபந்தனை: இனி சபையில் பண்டிதர்கள் வாய் திறக்கக் கூடாது.

சேந்தனார் அவரிடம் போய் மூச்சுவிடாமல் சொன்னார். சொன்னதைப் பிழிந்தால் வருவது இவ்வளவுதான்: பெரிய ஏரியின் கரையை நண்டுகள் உள்ளுக்குள் குடைந்துவிட்டன. ஐப்பசி மழைக்குக் கரை தாங்காது. கீழே இருக்கிற ஊரெல்லாம் போய்விடும்.

சொல்மாரியார் முகம் சுளித்தார். "கெட்ட சேதி சபையில எடுபடாது ஓய். கொஞ்சம் இனிப்பா மாத்திடறேன்."

"மாத்தினா பொய்யாயிடுமே!"

"ஆராய்ச்சி உம்முது. விளக்கம் என்னுது. போய் நண்டைப் பாரும்."

மறுநாள் சபையில் மழையாகக் கொட்டினார். "மகாராஜா, தங்கள் ஏரிக்கரையில் ஆயிரமாயிரம் நண்டுகள் சம்பளம் வாங்காமல் இராப்பகலாக மண்வேலை செய்கின்றன. தங்கள் ஆட்சியில் நண்டுக்குக்கூட நாட்டுப்பற்று பொங்குகிறது."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு ஆராய்ச்சியை அவர் விழித்திருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. உடனே உத்தரவு பறந்தது. நண்டுகள் எல்லாம் இனி ஏரிக்கரைத் தளபதிகள். யாரும் பிடிக்கக் கூடாது. எதிரே வந்தால் சிப்பாய்கள் வணக்கம் வைக்க வேண்டும். நண்டு கொடுக்கைத் தூக்கினால் அதைப் பதில் வணக்கமாக எடுத்துக்கொண்டார்கள். ஊரில் நண்டுக் குழம்பு நின்றுபோனது. கரையில் வளைகள் பெருகின.

சேந்தனார் அரசவை விகடகவி கோணேரி வீட்டுக்கு ஓடினார். "கீழ் ஊர்ல குழந்தை குட்டியோட ஜனங்க இருக்காங்கய்யா. வாயைத் திறந்தா குத்தகையை மீறிட்டேன்னு அடைச்சுடறாங்க. நீங்களாவது ராஜாகிட்ட சொல்லுங்க" என்று அழுதே விட்டார்.

"நான் சொன்னா வேடிக்கைன்னு சிரிச்சுடுவார்" என்றான் கோணேரி. "குத்தகை எடுத்தவர் வாயாலதான் வரணும். வர வைக்கிறேன், அழாதீங்க."

மறுநாள் காலை கோணேரி ராஜா முன் கைகட்டி நின்றான். "மகாராஜா, இவ்வளவு நல்ல சேதி சொன்ன சொல்மாரியாருக்கு இன்னும் பரிசு கொடுக்கலையே?"

"அடடா, மறந்தே போனேன். என்ன கொடுக்கலாம்?"

"ஒரு வீடு கொடுங்க. ஆயிரமாயிரம் தளபதிகள் காவல் இருக்கிற இடத்தைவிடப் பத்திரமான இடம் உண்டா? ஏரிக்கரைக்கு நேர் கீழே, மதகுக்குப் பக்கத்துல ஒரு வீடு காலியா கிடக்கு. இன்னைக்கே குடும்பத்தோட குடிபோகட்டும்."

"பேஷ்! கொடுத்தோம்" என்றார் ராஜா.

சபையில் உட்கார்ந்திருந்த சொல்மாரியார் பதறி எழுந்தார். "மகாராஜா, அடியேனுக்கு ஈரக்காற்று ஆகாது."

"வைத்தியரையும் கூட அனுப்புகிறேன்."

"மாமியார் வயசானவங்க. தனியா விட முடியாது."

"அவரையும் அழைத்துப் போங்கள். தளபதிகள் பார்த்துக்கொள்வார்கள்."

வெளியே இடி உறுமியது. பெட்டி படுக்கையைக் கட்டச் சேவகர்கள் கிளம்பினார்கள். சொல்மாரியார் தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தார்.

"மகாராஜா, நண்டு கரையைக் குடையுது. மழை வந்தா கரை உடையும். கீழே ஒரு வீடு மிஞ்சாது."

சபையில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. சேந்தனார் மட்டும் வாயைப் பிளந்து, "என்ன அழகான விளக்கம்! எனக்கு இப்படி வரலையே" என்று உருகினார்.

அன்றே படை முழுவதும் மண்வெட்டியோடு கரைக்குப் போனது. வளைகளைத் தோண்டிக் களிமண் போட்டு இடித்து இறுக்கினார்கள். ராஜாவும் ஒரு கூடை சுமந்தார். மழை வந்தது, பேய்மழை. ஏரி விளிம்பு வரை நிரம்பியது. கரை நின்றது. கீழ் ஊர் ஜனங்கள் வீட்டுக்குள்ளே நிம்மதியாக இருந்தார்கள்.

மழை விட்டதும் ராஜா கோணேரியை அழைத்தார். "நல்லவேளை, பிழைத்தோம். விளக்கக் குத்தகையை ரத்து செய்துவிடலாமா?"

"ஐயோ, வேண்டாம் மகாராஜா. சேந்தனார் மறுபடியும் ஆதியிலிருந்து ஆரம்பிச்சுடுவார். சொல்மாரியாரே விளக்கட்டும். ஆனா அவர் குடியிருக்கிற வீடு மட்டும் என்னைக்கும் ஏரிக்குக் கீழேயே இருக்கட்டும்."

ராஜா கிரீடம் நழுவும்படி சிரித்தார். தளபதிப் பட்டங்கள் அன்றே பறிக்கப்பட்டன. சாயங்காலம் கோணேரி வீட்டுக்கு அரண்மனையிலிருந்து பரிசு வந்தது: ஒரு பொட்டலம் மிளகு, இரண்டு கூடை முன்னாள் தளபதிகள்.