சிலந்தி பிடித்திருந்த நூறு நுனிகள்

அந்தக் காலத்தில், காட்டுக்கும் மேகத்துக்கும் பேச்சுவார்த்தை இருந்தபோது, ஒரு கோடையில் குளம் வற்றிச் சேறாகிக்கொண்டிருந்தது. கரையோரக் கோரைப்புல்லில் குடியிருந்த சிலந்திக்குக் கீழே பார்க்கவே மனம் வரவில்லை. அங்கே அவள் தோழி அயிரை மீன், உள்ளங்கையளவு தண்ணீரில் குஞ்சுகளோடு கிடந்தாள்.

கிழட்டு மேகம் ஒன்று வந்தது. தனக்குக் காது மந்தம் என்றும், காட்டில் உள்ளவர்கள் ஒருவர் விடாமல், ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டால்தான் இறங்குவேன் என்றும் சொன்னது. வரிசைக்கு எல்லோரும் ஓரிடத்தில் கூட வேண்டுமே. புலிக்குப் பக்கத்தில் மான் நிற்குமா? ஆளுக்கோர் அறை கட்டித் தருவதாகக் குளவி கிளம்பியது. அதற்குத் தெரிந்தது ஒரே அளவு. நூறு மண் அறைகளையும் அந்த அளவிலேயே கட்டியது. மயிலுக்குக் கொண்டை மட்டும் நுழைந்தது. யானை துதிக்கை நுனியைச் செருகித் தும்மியது. மேகம் அதை எலி என்று எண்ணிவிட்டது. அயிரையால் வரவே முடியவில்லை. நாளை ஒருமுறை பார்ப்பேன், இல்லாவிட்டால் வேறு காடு என்று மேகம் நகர்ந்தது.

“நாளை வரைக்கும் தாங்குவேன், அக்கா. அதற்கு மேல் தெரியவில்லை,” என்றாள் அயிரை.

சிலந்தி அன்று முழுவதும் காடெங்கும் இழை விட்டாள். ஒரு நுனி அவரவர் இருக்கும் இடத்தில், மறுநுனி அவள் காலடியில். யானைக்கும் எறும்புக்கும் ஒரே தடிமன் இழைதான்.

“இந்த நூலிலா என்னைக் கட்டப் போகிறாய்?” என்று யானை சிரித்தது.

“கட்ட யார் வந்தது, மாமா? இருந்த இடத்திலேயே இருங்கள். இழை அசைந்தால் சத்தம் கொடுங்கள். என்ன சத்தம் என்பது உங்கள் பாடு.”

எல்லோரிடமும் அந்த ஒரு வாக்கைத்தான் வாங்கினாள். மேகம் வரை எட்டும் குரல் தனக்கு இல்லையே என்று அயிரை மட்டும் தயங்கினாள்.

மறுநாள் மேகம் வந்ததும் சிலந்தி இழைகளை வரிசையாகச் சுண்டினாள். எந்த நுனியில் யார் என்று அவள் நினைவில் வைத்துக்கொள்ளவே இல்லை. மூங்கில் காட்டில் பிளிறல், பாறைமேல் அகவல். மரங்கொத்தி கிளையைத் தட்டியது. எறும்புகள் சருகின்மேல் தாளம் போட்டன. கடைசி இழையில் மட்டும் பதில் இல்லை. மேகம் புரண்டு கிளம்பப் பார்த்தது. சிலந்தி மறுபடி சுண்டினாள்.

சளக்.

அயிரை வாலால் சேற்றை அறைந்திருந்தாள். அந்த மந்தக் காதுக்கும் அது கேட்டது.

பெய்த மழையில் குளம் நிறைந்து வழிந்தது. அயிரைக் குஞ்சுகள் கோரைத்தண்டுகளுக்கு இடையே துள்ளித் திரிந்தன. நூறு இழைகளும் அறுந்துபோயின. சிலந்திக்கோ, அத்தனை பேரும் காலடியில் பேசிய அந்தச் சிலிர்ப்பு விட்டுப்போகவில்லை. மழை விட்டதும் மறுபடி நூற்க உட்கார்ந்தாள்.

அன்று முதல்தான் சிலந்தி, அறுந்த வலையைச் சலிக்காமல் பின்னி, அதன் நடுவில் கால்களை இழைகள்மேல் வைத்துக் காத்திருக்கிறாள். ஒன்று அதிர்ந்தாலும், யாரென்று கேட்காமலே ஓடுகிறாள்.