பேராசிரியருக்கு ஆகாதவன்

"அவனை அனுப்பிடுங்க கேப்டன். இல்லன்னா நான் ஊருக்குக் கிளம்பறேன்."

பேராசிரியர் சுந்தரவதனன் இப்படித்தான் ஆரம்பித்தார். காலை டீ கூட இன்னும் வரவில்லை.

பைக் பயணக் குழுவின் கேப்டன் மெஹருன்னிசா தன் வண்டிச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மனநல மருத்துவர். பேராசிரியரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். ஆனாலும் மனிதர்களிடம் எப்படிப் பழகுவது என்பதை அவரிடம்தான் பேராசிரியர் இரண்டு வருடமாகக் கற்றுக்கொண்டிருந்தார்.

"யாரை அனுப்பணும்?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே. இருதயராஜைத்தான்."

எட்டு பைக்குகள் கன்னியாகுமரியிலிருந்து தில்லிக்குப் போய்க்கொண்டிருந்தன. 'மனசு சரியில்லையா? வாய்விட்டுச் சொல்லுங்கள்' என்று எல்லா பைக்கிலும் ஒட்டியிருந்தது. எழுதிக்கொடுத்தவர் பேராசிரியர். வழியெல்லாம் பஸ் ஸ்டாண்டு, கல்லூரி வாசல் என்று நிறுத்திப் பேசுபவரும் அவர்தான். பட்டிமன்றத்தில் பழகிய குரல், மைக்கே வேண்டாம்.

இருதயராஜ் பேசவே மாட்டான். திருச்செந்தூர்ப் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். கூட்டம் நடக்கும்போது ஓரமாக உட்கார்ந்து வண்டி துடைப்பான்.

பேச்சு முடிந்ததும் ஜனங்கள் பேராசிரியருக்குக் கை தட்டுவார்கள். அவரோடு செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். பிறகு நேரே போய் இருதயராஜ் பக்கத்தில் உட்கார்ந்து அழுவார்கள்.

பேராசிரியருக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"நேத்து ஒரு அம்மா, நான் பேசறப்போ கண்ணைத் துடைச்சிக்கிட்டே கேட்டாங்க. நம்மகிட்ட வருவாங்கன்னு நின்னுட்டிருக்கேன். என்னைத் தாண்டிப் போயி அவன்கிட்ட உக்கார்றாங்க!"

"உங்களுக்கு எப்படி இருந்துச்சு சார்?"

"அதை விடுங்க. அவனுக்கு என்ன படிப்பு இருக்கு? போன வருஷம் வரைக்கும் மாத்திரை சாப்பிட்டேன்னு அவனே எல்லார்கிட்டயும் சொல்றான். ஏடாகூடமா எதையாவது சொல்லிவச்சா யார் பொறுப்பு?"

"அப்படி எதையாவது சொன்னாரா?"

"அதான் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறானே!"

கேப்டன் சிரிக்கவில்லை.

"ராத்திரி தூங்கினீங்களா?"

"எனக்கென்ன? நல்லாத் தூங்கினேன்."

பச்சைப் பொய். விடிய விடியப் புரண்டு படுத்த மனிதர்.

"அவனா, நானா? கிளம்பறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சாகணும்."

"சரி சார். கிளம்பறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்."

டீ குடித்து முடித்து எல்லோரும் வண்டியை ஸ்டார்ட் செய்து வரிசையில் நின்றார்கள்.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் நிற்கும் கேப்டன் திரும்பிக் கட்டைவிரலைத் தூக்குவார். வண்டி சரி, உடம்பு சரி, மனசும் சரி என்றால் ஒவ்வொருவரும் பதிலுக்குத் தூக்க வேண்டும். ஒரே ஒரு விரல் கீழே திரும்பினாலும் யாரும் நகரக் கூடாது. சேலத்தில் ஒருநாள் காலையில் இருதயராஜ் விரலைக் கீழே காட்டினான். எல்லோரும் இறங்கி, அவன் சரியாகும்வரை அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். பேராசிரியரின் விரல் மட்டும் இதுவரை இறங்கியதே இல்லை.

கேப்டன் விரலைத் தூக்கினார். எல்லோரும் தூக்கினார்கள். இருதயராஜும் தூக்கினான். பேராசிரியர் மற்றவர்களைவிட உயரமாகத் தூக்கினார்.

கேப்டன் கிளம்பவில்லை. தூக்கிய விரலோடு பேராசிரியரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு எஞ்சின்களும் ஓடிக்கொண்டிருந்தன. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"என்ன கேப்டன்? பதிலைச் சொல்லுங்க!" என்று கத்தினார் பேராசிரியர்.

கேப்டன் விரலை இறக்கவில்லை.

ஹெல்மெட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது. பேராசிரியருக்குத் தோள் வலித்தது. அழுகை வந்துவிடும் போலிருந்தது. இந்த வயதில், இத்தனை பேர் முன்னால், அதுவும் அவன் முன்னால்.

அவருடைய விரல் மெல்லக் கீழே திரும்பியது.

முதலில் எஞ்சினை அணைத்தவன் இருதயராஜ். வந்து, பேராசிரியரின் வண்டிக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தான்.

பேராசிரியர் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார். பிறகு அவரும் உட்கார்ந்தார்.

"உன்னைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது" என்றார்.

இருதயராஜ் எழுந்து போகவில்லை.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றான்.