உளுந்து வேரின் முடிச்சு

மண்ணுக்குள் வாழ்பவர்கள் நம் கண்ணுக்குத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் நெல் பேசும், புல் பேசும், சேறுகூட முனகும். வயலில் குனிந்து பார்த்தால் கேழ்வரகு அளவில் ஆயிரம் வகைப் பொடியர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

அவர்களில் மக்கிகள் என்றொரு கூட்டம். வைக்கோல், சாணம், செத்த நண்டு என்று எதையும் தின்று மண்ணாக்குவது அவர்கள் வேலை. அவர்கள் மிச்சம் வைத்ததைத் தின்ன இன்னொரு கூட்டம். அந்த மிச்சத்தின் மிச்சத்துக்கு, மூச்சே விடாமல் அடிச்சேற்றில் கிடக்கும் வேறொரு கூட்டம். காற்றைப் பிடித்துச் சோறாக்கும் காற்றுண்ணிகள் தனி. ஒருவர் எச்சில்தான் அடுத்தவருக்கு உணவு. அதற்காக யாரும் முகம் சுளித்ததில்லை. இத்தனை பேரும் பாடுபட்டு ஆக்கி வைத்ததைக் கடைசியில் வந்து உட்கார்ந்து வயிறு முட்டத் தின்றது யார்? நெல்.

தின்றுவிட்டுச் சும்மாவாவது இருந்ததா? அதுவும் இல்லை.

அந்த வயல் காத்தமுத்துவுக்கும் அவன் மனைவி தையல்நாயகிக்கும் சொந்தம். அறுவடை நெருங்கிய ஒரு நாள் நெல் அவர்களைக் கூப்பிட்டது.

"எங் காலடியில எச்சில் பொறுக்கிங்க ஊருதுங்க. ஒடம்பே கூசுது. இதுங்க இருக்கிற மண்ணுல அடுத்த போகம் நான் முளைக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

காத்தமுத்து பயந்துபோனான். நெல் முளைக்காவிட்டால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்?

"ஏங்க, அதுங்க நமக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?" என்றாள் தையல்நாயகி.

"நெல்லே சொல்லுது புள்ள. அதைவிட நமக்குத் தெரிஞ்சிருமா?"

அவள் அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும், காத்தமுத்து நான்கு மூலையிலும் அறுத்தது போக நின்ற நெல்தாளுக்குத் தீ வைத்தான். அத்தனை நாள் அவனுக்குச் சோறு போட்டவர்களை அவன் கையாலேயே கொளுத்தினான். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

வெந்தவர்கள் போக மிஞ்சியவர்கள் வரப்புக்கு ஓடினார்கள். அருகம்புல்லைக் கேட்டார்கள். "நெல்லுக்குத் தெரிஞ்சா வம்பு" என்று அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. கோரையோ, "எச்சில் சாதியை உள்ள விடச் சொல்றியா?" என்று சீறியது. இந்தக் கோரை வாழ்ந்ததும் அதே எச்சிலில்தான்!

வரப்பு ஓரத்தில் யாரும் விதைக்காமல் முளைத்த உளுந்துச் செடி ஒன்று நின்றது. யாரும் கேட்பதற்கு முன்பே அது பேசியது.

"என் வேரு சின்னதுதான். குத்த வெச்சு உட்கார்ந்தா எல்லாருக்கும் எடம் கெடைக்கும். வாங்க."

காற்றுண்ணிகள் அதன் வேருக்குள் புகுந்தார்கள். மற்றவர்கள் தீயின் சூடு எட்டாத ஆழத்துக்குப் போனார்கள். "இனி இந்த மனுசங்க கண்ணுல படவே கூடாது" என்று எல்லோரும் உடம்பை ஒடுக்கிக்கொண்டார்கள்.

அடுத்த போகம் வந்தது. நெல் ஆசைப்பட்டபடியே சுத்தமான மண். போட்ட சாணம் போட்டபடி கிடந்தது. செத்த நண்டு செத்தபடி கிடந்தது. வைக்கோல் ஒரு துளியும் மக்கவில்லை. நெல் முளைத்தது, மஞ்சளித்தது, கதிரில் பாலே பிடிக்கவில்லை. அத்தனையும் பதர். வீட்டில் கஞ்சிக்கும் வழியில்லை.

வரப்பில் உளுந்து மட்டும் கரும்பச்சையாக நின்றது. தையல்நாயகி ஒரு கிளையைப் பிடித்து மெல்ல வேரைத் தோண்டிப் பார்த்தாள். வேர் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சுகள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அங்கேயே மண்டி போட்டாள்.

"தப்புப் பண்ணிட்டோம். திரும்பி வந்துருங்க. புள்ளைங்க பட்டினி கெடக்குதுங்க."

முடிச்சுக்குள்ளிருந்து குரல் வந்தது. "எங்க புள்ளைங்க வெந்து செத்துச்சே, அப்ப நீ எங்க இருந்த?"

அவள் பின்னாலேயே வந்த காத்தமுத்து தலையில் அடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிருங்க" என்றான்.

"மன்னிக்கிறது வேற, வேலைக்கு வர்றது வேற. உன் புள்ளைங்களுக்காக வேலைக்கு வர்றோம். ஆனா எங்களுக்கு எடம் குடுத்த உளுந்தும் எங்ககூட வயலுக்குள்ள வரணும். நெல்லை அறுத்து அனுப்பிட்டு, அது அந்தாண்ட போனப்புறம் எங்களைக் கூப்பிடாதே. அது நிக்கும்போதே, அது கண்ணு முன்னால, அது தலைமேலயே உளுந்தைத் தெளி."

"எந் தலைமேலயா?" என்றது நெல். தையல்நாயகி வரப்புச் செடியில் காய்த்த உளுந்தை மடியில் உதிர்த்துக்கொண்டு வயலில் இறங்கி, அந்தப் பதர்க் கதிர்கள்மேல் வீசித் தெளித்தாள். உளுந்து முளைத்து வேர்விட்டது. மண்ணில் மறுபடியும் ஆள் நடமாட்டம் வந்தது. அடுத்த போகம் நெல் பால் பிடித்தது. ஆனால் நிமிர்ந்து நிற்கவில்லை.

அன்று முதல்தான், தை மாதத்தில் அறுவடைக்கு முன்பே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்து தெளிக்கிறோம். அன்று முதல்தான் உளுந்து வேரில் முடிச்சு. சந்தேகம் இருந்தால் அதை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே சிவந்திருக்கும். அவர்கள் வேலைக்கு வந்துவிட்டார்கள், கோபம் இன்னும் ஆறவில்லை.