முனியப்பன் வளைவில் துள்ளிய முள்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும்!

கோழிப்பண்ணை முதலாளி பொன்னுரங்கத்தின் பிக்கப் வண்டி முனியப்பன் வளைவுக்கு வந்தாலே, இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குத் துள்ளும். தாண்டினால் தானே இறங்கிவிடும். ரேடியேட்டரைத் தொட்டால் வெறும் வெதுவெதுப்புதான்.

“முனிக்கு உன்மேல கோபம்டா. இன்னிக்கும் முள்ளு ஏறுச்சுன்னா சாவியைக் குடுத்துட்டு நடையைக் கட்டு” என்றார் முதலாளி.

டிரைவர் சடையன் தலையைச் சொறிந்தான். “கோபம் என்மேலதானுங்களே? வளைவுக்கு முன்னாடி நான் எறங்கிக்கறேன். நீங்க ஓட்டிப் பாருங்க.”

அந்தி மங்கும் நேரம். துளிக் காற்றில்லை, ஆனாலும் பனையோலை சலசலத்தது. அந்த வழியில் போகிற எல்லாரையும்போல முதலாளியும் முனிக்கு நீளமாக ஹாரன் அடித்தார். முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. வண்டியை நிறுத்திக் குதித்தவர், ஓடிப்போய் வளைவோரத்து முனி சிலையின் காலில் விழுந்தார்.

“சாமீ, உனக்கு நேந்துவிட்ட கிடாயை மச்சானுக்கு விருந்து வெச்சது நான்தான்!”

பின்னால் நடந்துவந்த சடையன் பானெட்டைத் திறந்தான். இன்ஜினில் தளர்ந்து கிடந்த எர்த் வயரை முடுக்கிவிட்டு ஹாரனை அழுத்தினான். முள் அசையவில்லை.

“எர்த்து லூசுங்க. ஹாரனை அமுக்கிப் புடிச்சா முள்ளு துள்ளுது. முனி என்னங்க பண்ணும், பாவம்!”

முதலாளி முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “என்னையே ஏமாத்துறியா? உன்னை இப்பவே...”

சிலைக்குப் பின்னால் ஒரு கிடாய் கத்தியது.

இருவரும் எட்டிப் பார்த்தார்கள். வெறும் மணல். அதில் ஒரு குளம்படிகூட இல்லை.

“சடையா, வண்டியை எடுப்பா” என்றார் முதலாளி, பக்கத்துச் சீட்டில் தாவி ஏறி. “ஆயுசுக்கும் நீதான் டிரைவர்.”

பொன்னுரங்கம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.