இரண்டு வெறும் இலைகள்

முன்னொரு காலத்தில் கொன்றைநாடு என்றொரு நாட்டைச் சேந்தன் என்ற அரசன் ஆண்டுவந்தான். ஆள் நல்லவன்தான். ஆனால் காலையில் போட்ட உத்தரவு மாலைவரை நிற்குமா என்பது அவனுக்கே தெரியாது.

ஒருநாள் திடீரென்று, "ஊர்ப்பிள்ளைகள் எல்லாரும் படிக்க வேண்டும்" என்று பள்ளிக்கூடம் கட்டினான். மதியத்தில் கம்பஞ்சோறும் முருங்கைக்கீரையும் ஆக்கிப்போடச் சடைச்சி என்ற பெண்ணை அமர்த்தினான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சோற்றுக்காக வந்தார்கள். வந்த இடத்தில் எழுத்தும் பிடித்துப்போயிற்று. பாடம் முடிந்ததும் முற்றத்தில் புழுதி பறக்கச் சடுகுடு ஆடுவார்கள்.

ஒருமுறை அரசன் அவைப்புலவர் நாவிளங்குநம்பியோடு பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தான். புலவர் அரசன்மேல் நாற்பது பாட்டுப் பாடினார். அதற்குள் அரசனுக்குப் பசித்துவிட்டது. பிள்ளைகளின் சோற்றில் ஒரு கவளம் வாங்கித் தின்றவன், "புலவரே, உம்முடைய நாற்பது பாட்டைவிட இந்தக் கீரை நாக்கில் நிற்கிறதே!" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். புலவரும் சிரித்தார். ஆனால் திரும்பும் வழியில் மெல்ல ஆரம்பித்தார்.

"அரசே, கவனித்தீர்களா? பிள்ளைகள் தின்கிறார்கள், ஆடுகிறார்கள். நடுவில் கொஞ்சம் படிக்கிறார்கள். வயிறு நிறைந்தால் புத்தி மந்தமாகும். ஓடியாடினால் படித்தது சிதறிப்போகும்."

"அப்படியா?"

"சாத்திரமே அப்படித்தான் சொல்கிறது." எந்தச் சாத்திரம் என்று அரசன் கேட்கவில்லை.

மறுநாள் பறை அறைந்தார்கள்: "கொன்றைநாட்டில் பாடம் படிக்கும் எவரும் பொழுது சாயும்வரை உண்ணக் கூடாது. பாயைவிட்டு எழவோ ஆடவோ கூடாது."

பள்ளிக்கூடத்து அடுப்பு அணைந்தது. கீரையின் ருசியை அரசன் மறக்காததால் சடைச்சியை மட்டும் அரண்மனைச் சமையலுக்கு அழைத்துக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்து அவள் பள்ளிக்கூடத்தை எட்டிப்பார்த்தாள். பாதிப் பாய்கள் காலியாகக் கிடந்தன. வாத்தியாருக்கு முன்பே கணக்கை முடித்துவிடும் பூவாள் என்ற சிறுமி ஓலைச்சுவடிமேல் தலையைச் சாய்த்துக் கிடந்தாள்.

"என்ன கண்ணு, காய்ச்சலா?"

"இல்ல அத்தை. எழுத்தெல்லாம் நெளியுது."

சடைச்சி அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு வாய் ஊட்டலாமென்றால் வாத்தியார் கதவில் மாட்டியிருந்த உத்தரவு ஓலையைக் காட்டினார். அரசனிடம் நேரே போய்ச் சொல்லலாமென்றால், 'சமையல்காரிக்குச் சாத்திரம் தெரியுமா?' என்று புலவர் ஒரே வார்த்தையில் மடக்கிவிடுவார். அரண்மனைக்குத் திரும்பினாள்.

அந்த வாரமே அரசனுடைய பிறந்தநாள். பக்கத்து நாட்டுத் தூதுவர் மதிய விருந்துக்கு வந்திருந்தார். அவர் புலவரைப் பார்த்து, "உங்களைப்போல் கற்றவர் எங்கள் நாட்டில் இல்லை" என்றார்.

புலவர் கைகூப்பி நெளிந்தார். "ஐயையோ! அடியேன் இன்றைக்கும் பாடம் படிக்கும் மாணவன்தான்."

புகழ்ச்சியெல்லாம் அந்தப் பக்கமே போவது அரசனுக்குப் பிடிக்கவில்லை. "நானும் மாணவனே! நாள்தோறும் இவரிடம் இலக்கணம் படிக்கிறேன்" என்றான்.

வாசலருகே சாதக்கூடையோடு நின்ற சடைச்சியின் காதில் இரண்டு வார்த்தையும் விழுந்தன.

இலை போட்டார்கள். தூதுவர் இலையில் நெய்ச்சோறு, பருப்பு, கீரை எல்லாம் விழுந்தன. அமைச்சர்களுக்கும் விழுந்தன. அரசன் இலையையும் புலவர் இலையையும் சடைச்சி தாண்டிப் போனாள்.

"சடைச்சி! எங்களுக்கு?" என்றான் அரசன்.

"பொழுது சாயட்டும், மகாராசா. பாடம் படிக்கிறவங்க அதுக்கு முன்னே உண்ணக் கூடாதுன்னு உங்க உத்தரவுதானே? பாயைவிட்டும் எழுந்திருக்கக் கூடாது."

அமைச்சர்கள் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை இலையிலேயே வைத்தார்கள். சடைச்சி கரண்டியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

அரசன் முகம் சிவந்தது. தூதுவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் சொந்த உத்தரவை எப்படி மீறுவது? "சின்னப் பிள்ளைகள் செய்வதை நான் செய்யமாட்டேனா? உட்காரும் புலவரே, இன்றைய பாடத்தை நடத்தும்" என்றான்.

முதல் நாழிகை போயிற்று. இரண்டாம் நாழிகையில், பல முறை சொன்ன வெண்பாவின் இரண்டாம் அடி அரசனுக்கு வரவில்லை. மூன்றாவதில் விசிறி வீசியவனைக் காரணமில்லாமல் திட்டினான். கால் மரத்துப்போயிற்று. புலவரோ எழுவாயைப் பயனிலை என்றார், பயனிலையை எழுவாய் என்றார். தூதுவர் வெற்றிலை போட்டபடி இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாழிகையில் அடுப்படியிலிருந்து நெய்மணம் வந்தது. புலவர் துள்ளி எழுந்தார்.

"நான் மாணவனே இல்லை! எல்லாம் படித்து முடித்தவன்! எனக்குச் சோறு போடு!"

சபை அதிர்ந்து சிரித்தது. தூதுவருக்குப் புரையேறிவிட்டது.

அரசன் மட்டும் சிரிக்கவில்லை. "சடைச்சி, பிள்ளைகளுக்கு இது எத்தனை நாளாக?"

"இன்னையோட பதினாலு நாள், மகாராசா. பாதிப்பேர் வர்றதே இல்லை. வர்றவங்களும் எழுத்து நெளியுதுங்கறாங்க."

அரசன் தன் வெறும் இலையைப் பார்த்தான். பிறகு புலவரைப் பார்த்தான்.

"எந்தச் சாத்திரம் ஐயா அது?"

புலவர் மெல்ல மறுபடி பாயில் உட்கார்ந்தார்.

அன்றைக்கே பறை மாற்றி அறையப்பட்டது. மதியச் சோறு மறுபடி உண்டு, கூடவே எள்ளுருண்டையும். சாயங்காலம் ஒரு நாழிகை விளையாட்டு, அதை எவரும் குறைக்கக் கூடாது. "உனக்கு என்ன வேண்டும்?" என்று அரசன் கேட்டபோது, சடைச்சி தன்னைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பும்படியும், சோறு பரிமாற ஓர் ஆள் தரும்படியும் கேட்டாள். அரசன் நாவிளங்குநம்பியைத் தந்தான்.

முதல் நாள் புலவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரண்டியோடு நின்றார். பூவாள் இலையில் முகம் பாராமல் ஒரு கரண்டி வைத்துவிட்டு நகரப்போனார்.

"புலவரய்யா, இன்னும் கொஞ்சம்" என்றாள் அவள்.

அவர் நின்று அந்த ஒடுங்கிய கன்னத்தைப் பார்த்தார். இரண்டு கரண்டி வைத்தார்.